முதியோர் பராமரிப்பு இல்லத்தின் உணவுக்கூடத்தை மதிப்பிடுவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் வாழும் ஒருவருக்குக் காலை, மதியம், இரவு என்று நாளுக்கு மூன்று முறை உணவுக்கூடத்துக்குப் போய் வருவதுதான் அன்றாடத்தின் முதுகெலும்பு. அவருடைய தட்டில் பாதி உணவு மிஞ்சும்போது, “வயதாகிவிட்டது, பசி குறைந்துவிட்டது” என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவது எளிது. பசி உண்மையிலேயே குறைந்திருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன்பு மேசையின் உயரம், அறையின் வெளிச்சம், பக்கத்தில் ஓடும் தொலைக்காட்சி, ஊட்டுபவரின் வேகம் ஆகிய அனைத்தையும் ஒருமுறை சரிபார்த்திருக்க வேண்டும். இல்லத்தின் தரக் கண்காணிப்புப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், செவிலியர், உணவியல் நிபுணர், தன்னார்வலர் ஆகியோருக்கும், பெற்றோரை இல்லத்தில் சேர்க்கவிருக்கும் பிள்ளைகளுக்கும் அந்தச் சரிபார்ப்பை முறையாகச் செய்யக் கற்றுத்தருவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத அறை ஒன்று. ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடும் அறை வேறொன்று. மேசை, நாற்காலி, விளக்கு, தரை, வழி ஆகியவை நாள்தோறும் மாறுவதில்லை என்பதால், அவற்றை ஒருமுறை நிதானமாக அளந்தால் போதும். சத்தம், பேச்சு, காத்திருப்பு, உதவி ஆகியவையோ வேளைக்கு வேளை மாறுகின்றன. அவற்றைப் பல முறை உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். இந்தத் துறையில் கனடா ஆய்வாளர்கள் உருவாக்கிய இரண்டு கருவிகளும் இந்தப் பிரிவைத்தான் பின்பற்றுகின்றன. ‘டைனிங் என்விரான்மென்ட் ஆடிட் புரோட்டோகால்’ (சுருக்கமாக ‘டீப்’) அறையின் அமைப்பை ஆராய்ந்து, அது பயன்பாட்டுக்கு எவ்வளவு ஏற்றது, எவ்வளவு வீட்டைப் போல் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் 1 முதல் 8 வரை மதிப்பெண் தருகிறது. ‘மீல்டைம் ஸ்கேன்’ ஒரு வேளை உணவு நடந்துகொண்டிருக்கும்போதே அறைச்சூழல், மனிதர்களுக்கிடையிலான சூழல், பராமரிப்பவரின் அணுகுமுறை ஆகிய மூன்றையும் அதே 8 படிகளில் மதிப்பிடுகிறது. கனடாவின் நான்கு மாகாணங்களில் 32 இல்லங்களில், 639 இல்லவாசிகளிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றில் இவ்விரண்டும் பயன்படுத்தப்பட்டன. உங்களிடம் இந்தப் படிவங்கள் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். அவை எந்த ஒழுங்கில் பார்க்கச் சொல்கின்றனவோ அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் நல்ல மதிப்பீட்டைச் செய்துவிடலாம்.

போவதற்கு முன்

இல்ல நிர்வாகத்திடம் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். இல்லவாசிகளிடமும், அவர்களால் சொல்ல இயலாதபோது அவர்கள் சார்பில் முடிவெடுப்பவர்களிடமும், நீங்கள் யார், எதற்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைத் தெரிவிக்க வேண்டும். ஆட்களைப் படம் எடுக்காதீர்கள்; குறிப்பேட்டில் பெயர் எழுதாமல், “ஜன்னலோர மேசை, இரண்டாம் இருக்கை” என்பது போல் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது மூன்று வேளைகளாவது பார்க்கத் திட்டமிடுங்கள். அவற்றில் ஒன்று இரவு உணவாகவும், ஒன்று வார இறுதி நாளிலும் இருக்கட்டும். மதிய உணவுக்கு வெளியாட்கள் வருவது வழக்கம் என்பதால் அந்த வேளை எப்போதுமே சற்று ஒழுங்காக நடக்கும். மாலையில் பணியாளர் எண்ணிக்கை குறைவு; மறதிநோய் உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில்தான் குழப்பமும் பதற்றமும் கூடும். ஓர் உணவுக்கூடத்தின் உண்மையான தரத்தை அறிய ஒரே ஒரு வேளைதான் கிடைக்கும் என்றால், நான் இரவு உணவையே தேர்ந்தெடுப்பேன்.

கூடத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எத்தனை பேர், ஊட்டிவிட வேண்டியவர்கள் எத்தனை பேர், மசித்த உணவோ கெட்டியாக்கிய பானமோ யார் யாருக்கு என்ற விவரங்களை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கைக்கடிகாரம், அளவு நாடா, குறிப்பேடு ஆகியவை போதும். வெளிச்சத்தையும் சத்தத்தையும் அளக்கும் கருவிகள் இருந்தால் நல்லது. கைப்பேசிச் செயலிகள் துல்லியமானவை அல்ல என்றாலும், ஒரே கூடத்தின் இரண்டு மூலைகளை ஒப்பிடுவதற்கு உதவும்.

முதற்படி: ஆளில்லாத அறை

உணவு நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கூடத்திலிருந்து தொடங்காமல், மிகத் தொலைவில் உள்ள படுக்கையறையிலிருந்து நடந்து வாருங்கள். வழியில் கைப்பிடி தொடர்ச்சியாக இருக்கிறதா, இடையில் உட்கார ஓர் இடமாவது உண்டா, கூடம் எங்கே என்பது தூரத்திலிருந்தே தெரிகிறதா என்று பாருங்கள். நடைச்சட்டத்தோடு மெல்ல நடக்கும் ஒருவர் இந்தத் தூரத்தைக் கடந்து சேரும்போதே களைத்துப்போய்விட்டால், அவருக்குச் சாப்பிடும் தெம்பு எங்கிருந்து வரும்?

அடுத்து, ஒரு சக்கர நாற்காலியைக் கேட்டு வாங்கி அதில் உட்காருங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு செயலை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஏறத்தாழ 150 செ.மீ. விட்டமுள்ள இடம் வேண்டும். மேசைகளுக்கிடையே நேராகப் போவதற்குக் குறைந்தது 90 செ.மீ. அகலம் வேண்டும். ஆட்கள் உட்கார்ந்து நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்ட பிறகும் அந்த அகலம் மிஞ்ச வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேசைக்கு அடியில் முழங்கால் நுழைவதற்குத் தரையிலிருந்து 70 செ.மீ. அளவுக்கு இடைவெளி தேவை. நாற்காலியின் கைப்பிடி மேசையின் கீழ்ச்சட்டத்தில் இடிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நான் பார்த்த ஒரு கூடத்தில் அந்தக் கைப்பிடி இடித்தது. அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியால் மேசையை நெருங்கவே முடியவில்லை. தட்டுக்கும் அவருடைய மார்புக்கும் இடையே ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. நடுங்கும் கையால் கரண்டியை எடுத்து, அந்த இடைவெளியைக் கடந்து வாய்க்குக் கொண்டுவருவதற்குள் பாதி மடியில் சிந்திவிடும். ஐந்தாறு வாய்க்குப் பிறகு அவர் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மடியில் விழுந்ததை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். அன்றைய பதிவேட்டில் அவருடைய பெயருக்கு நேரே “சாப்பிட நாட்டமில்லை” என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து நான் எந்த இல்லத்துக்குப் போனாலும் அளவு நாடாவோடு மேசைக்கடியில்தான் முதலில் குனிகிறேன்.

சாதாரண நாற்காலிகளுக்குக் கைப்பிடி இருக்க வேண்டும். முதியவர்கள் எழுந்திருப்பதே கைகளை ஊன்றித்தான். உட்கார்ந்தால் பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். கால் தொங்கினால் உடல் சரியும். உடல் சரிந்தால் விழுங்குவது சிரமமாகும்.

வெளிச்சத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். அறுபது வயதுள்ளவரின் விழித்திரைக்கு, இருபது வயதுள்ளவருக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. உங்கள் கண்ணுக்குப் போதும் என்று தோன்றும் வெளிச்சம் அவர்களுக்கு அந்தி வேளையாக இருக்கலாம். அதே சமயம் பளபளக்கும் தரையும், திரையில்லாத ஜன்னலும் கண்ணைக் கூசச் செய்யும். முதிய கண் கூச்சத்திலிருந்து மீள நேரமெடுக்கும். எனவே ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து, தட்டின் மேல் நிழல் விழுகிறதா, முகத்துக்கு நேரே ஒளி அடிக்கிறதா என்று பாருங்கள். தரையில் கறுப்புக் கட்டங்களோ திடீர் நிறமாற்றமோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மறதிநோய் உள்ளவர்களுக்கு அவை பள்ளம் போலவோ படி போலவோ தோன்றும், கால் எடுத்து வைக்கத் தயங்குவார்கள்.

தட்டுக்கும் உணவுக்கும், தட்டுக்கும் மேசைக்கும் இடையிலான நிற வேறுபாடு அடுத்தது. வெள்ளை விரிப்பின் மேல் வெள்ளைத் தட்டு, அதில் வெளிர்நிற மசியல் என்றால், பார்வை மங்கியவருக்கு அங்கே உணவு இருப்பதே தெரியாமல் போகலாம். அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய நிலை அல்ஸைமர் நோய் உள்ள ஒன்பது ஆண்களுக்கு வெள்ளைப் பாத்திரங்களுக்குப் பதிலாக அடர்சிவப்புப் பாத்திரங்களில் பரிமாறியபோது, அவர்கள் உண்ட உணவு 25 விழுக்காடும் பருகிய திரவம் 84 விழுக்காடும் கூடின. அடர்நீலமும் உதவியது, வெளிர்சிவப்பும் வெளிர்நீலமும் உதவவில்லை. ஒன்பதே பேரிடம் நடந்த சிறிய ஆய்வு இது என்பதையும், இங்கே வேலை செய்தது சிவப்பு என்ற நிறம் அன்று, பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியும் வேறுபாடுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லாவற்றையும் சிவப்பாக மாற்றச் சொல்லிப் பரிந்துரை எழுத வேண்டியதில்லை.

அறையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் காது கொடுங்கள். குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல், மின்விசிறி, பாத்திரம் கழுவும் இயந்திரம், சமையலறைக் கதவு, அழைப்பு மணி என்று கேட்பவற்றை எல்லாம் பட்டியலிடுங்கள். காதுக்கருவி அணிந்தவருக்குப் பேச்சோடு சேர்த்து இவையும் பெருகித்தான் கேட்கும்.

இரண்டாம் படி: ஆட்கள் நிறைந்த அறை

இப்போது ஓரமாக நிற்காமல், இல்லவாசிகளின் கண்மட்டத்தில் எங்காவது உட்காருங்கள். நின்றபடி பார்ப்பவருக்குத் தலைகள்தான் தெரியும், முகங்கள் தெரியா.

ஐந்து நேரங்களைத் துல்லியமாகக் குறியுங்கள். முதல் ஆள் வந்து அமர்ந்த நேரம், முதல் தட்டு வைக்கப்பட்ட நேரம், கடைசித் தட்டு வைக்கப்பட்ட நேரம், ஊட்டிவிட வேண்டியவருக்கு முதல் வாய் கிடைத்த நேரம், கடைசி ஆள் கூடத்தை விட்டுப் போன நேரம் ஆகியவையே அவை. இந்த ஐந்தும் சேர்ந்தால் பல கதைகள் வெளிவரும். ஊட்டிவிட வேண்டியவர்களை முதலில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு, தாமாகச் சாப்பிடுபவர்கள் எல்லாருக்கும் பரிமாறி முடித்த பிறகே அவர்களிடம் வருவது பல இல்லங்களில் காணும் பழக்கம். ஆக, கூடத்தில் அதிக நேரம் காத்திருப்பவர்கள் மிகவும் இயலாதவர்களாகவே இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் வைக்கப்பட்ட தட்டு அதற்குள் ஆறிப்போயிருக்கும். காத்திருக்கும் நேரத்தில் தண்ணீராவது கையில் இருந்ததா, யாராவது பேசினார்களா என்பதையும் எழுதுங்கள். தட்டுகள் மேசை மேசையாக வருகின்றனவா, அல்லது ஒருவர் சாப்பிடுவதை மற்ற மூவர் பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறதா என்பதும் முக்கியம்.

உணவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உண்டா என்று பாருங்கள். நேற்றே படிவத்தில் தேர்ந்தெடுத்தது மறதிநோய் உள்ளவருக்குத் தேர்வே அன்று. இரண்டு தட்டுகளையும் கண்முன் காட்டி “எது வேண்டும்?” என்று கேட்பதுதான் தேர்வு. பரிமாறும் முறையும் கணக்கில் வரும். நெதர்லாந்தின் ஐந்து இல்லங்களில் 178 பேரிடம் ஆறு மாதம் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், நிரப்பிய தட்டுகளைக் கொடுப்பதற்குப் பதிலாகப் பாத்திரங்களை மேசையில் வைத்து வீட்டில் போல் எடுத்துப் போட்டுக்கொள்ளச் செய்த பிரிவினரின் வாழ்க்கைத்தரம், உடலியக்கம், உடல் எடை ஆகிய மூன்றும் மற்றவர்களைவிட மேலான நிலையில் இருந்தன. சமையல்காரரையோ உணவுப்பட்டியலையோ பற்றிய கேள்வியாக மட்டும் இதைப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

ஊட்டுவதைப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். ஒரே இணையைக் குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து கவனியுங்கள். ஊட்டுபவர் உட்கார்ந்திருக்கிறாரா? கண்ணைப் பார்க்கிறாரா? அடுத்த கரண்டியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறாரா? முந்தைய வாய் விழுங்கப்பட்டதா என்று பார்த்த பிறகு அடுத்ததைக் கொடுக்கிறாரா? தட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறாரா? இல்லவாசியின் உடல் நிமிர்ந்து, முகவாய் சற்றுத் தாழ்ந்து இருக்கிறதா, அல்லது நின்றுகொண்டு ஊட்டுபவரைப் பார்க்கத் தலையை அண்ணாந்து வைத்திருக்கிறாரா? அண்ணாந்த தலையோடு விழுங்கினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து கூடும். ஊட்டுபவர் நிற்கக் கூடாது என்று சொல்வது மரியாதைக்காக மட்டுமன்று. உதடுகளை இறுக மூடிக்கொள்வதை மறுப்பு என்று உடனே எழுதிவிட வேண்டாம்; வாயில் இருப்பதை இன்னும் விழுங்கவில்லை என்பதைச் சொல்ல அவருக்கு அந்த ஒரு வழிதான் மிஞ்சியிருக்கலாம். நன்றாக ஊட்டுவதற்கு ஒருவருக்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். எனவே ஊட்டிவிட வேண்டியவர்களின் எண்ணிக்கையைப் பணியாளர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கணக்கே இடிக்கிறது என்றால், அங்கே பணியாளரின் மனப்பான்மையைக் குறை சொல்லி எழுதுவது அநியாயம்.

பேச்சையும் எண்ணலாம். பத்து நிமிடத்தில் பணியாளர்கள் பேசிய வாக்கியங்களை இரண்டு பத்திகளாகக் கோடிடுங்கள். “வாயைத் திறங்க”, “குடிங்க” போன்ற வேலைப் பேச்சு ஒருபுறம், “நேத்து உங்க பேத்தி வந்தாங்களாமே?” போன்ற மனிதப் பேச்சு மறுபுறம். இல்லவாசிகளின் தலைக்கு மேலே பணியாளர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைத் தனியாகக் குறியுங்கள். இல்லவாசியைப் பெயர் சொல்லியோ, அவருக்குப் பிடித்த முறையிலோ கூப்பிடுகிறார்களா, “ஊட்டல் கேஸ்” என்பது போன்ற சொற்கள் காதில் விழுகின்றனவா, கேட்காமலே மார்புத்துணி கட்டப்படுகிறதா, கரண்டி விளிம்பாலேயே வாயோரம் வழிக்கப்படுகிறதா, சாப்பாட்டின் நடுவே மாத்திரை கொடுக்கப்படுகிறதா, மற்றவர்கள் உண்ணும்போதே எச்சில் தட்டுகள் அதே மேசையில் வழித்துப் போடப்படுகின்றனவா என்பனவும் இங்கே சேரும். தொலைக்காட்சி ஓடினால், அதை உண்மையில் பார்ப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிவிடுங்கள்; அந்த எண் அறிக்கையில் வாதம் செய்யாமலே பேசும்.

மூன்றாம் படி: தட்டும் பதிவேடும்

விழுங்கும் சிரமம் உள்ளவர்களுக்கான உணவின் பதத்தைப் பல நாடுகளில் ‘இட்சி’ எனப்படும் பன்னாட்டுத் தரவரிசையால் குறிக்கிறார்கள். அதில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உள்ளன. 4-ஆம் நிலை மென்மையான மசியல்; 5-ஆம் நிலையில் பெரியவர்களுக்கான துண்டு 4 மி.மீ. அகலத்துக்கு மிகாது, அதாவது சாதாரண முள்கரண்டியின் பற்களுக்கிடையே உள்ள இடைவெளிக்குள் அடங்கும். 6-ஆம் நிலையில் துண்டின் அளவு 1.5 செ.மீ. வரை. அட்டையில் எழுதிய நிலையும் தட்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறுபட்டால் அறிக்கை எழுதும்வரை காத்திருக்காமல் அந்த நொடியே செவிலியரிடம் சொல்லுங்கள். மதிப்பீட்டாளர் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத ஒரே இடம் இது.

தட்டுகள் எடுக்கப்படும்போது, உண்ட அளவைக் கால், அரை, முக்கால், முழுமை என்று கண்ணளவாகக் குறித்துக்கொண்டு, பின்னர் இல்லத்தின் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பதிவேடு பெரும்பாலும் அதிகமாகவே காட்டும். சிந்தியதும், பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளியதும் உண்டதாகவே கணக்கில் ஏறிவிடுகின்றன. எடைப் பதிவுகளையும் கேளுங்கள். ஒரு மாதத்தில் 5 விழுக்காடு, ஆறு மாதத்தில் 10 விழுக்காடு எடை இழப்பு என்பது கவலைக்குரியது. இரவு உணவுக்கும் மறுநாள் காலை உணவுக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்றும் கணக்கிடுங்கள். அமெரிக்க விதிகள் இதைப் பொதுவாக 14 மணி நேரத்துக்குள் வைக்கச் சொல்கின்றன. ஊட்டமான இரவுச் சிற்றுணவு கொடுத்தால் 16 மணி வரை இடம் தருகின்றன. வேறு நாடுகளிலும் இதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

நான்காம் படி: கேட்பது

உணவு முடிந்தவுடன் நான்கைந்து பேரிடம் பேசுங்கள். “சாப்பாடு நன்றாக இருந்ததா?” என்று கேட்டால் எல்லாரும் “நன்றாக இருந்தது” என்பார்கள், பராமரிப்பை நம்பி வாழ்பவர் குறை சொல்லத் தயங்குவார். அதற்குப் பதிலாக, “இந்த இடத்தில் உட்காருவது உங்கள் விருப்பமா?”, “இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் யாரிடம் கேட்பீர்கள்?”, “பக்கத்தில் இருப்பவரின் பெயர் என்ன?” என்று கேளுங்கள். ஓராண்டாக ஒரே மேசையில் சாப்பிடும் இருவருக்கு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாதென்றால், இருக்கை ஒதுக்கீட்டை யாரும் யோசித்துச் செய்யவில்லை என்பது புரிந்துவிடும். பரிமாறுபவர்களிடமும் கேளுங்கள். எது உடைந்திருக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஐந்தாம் படி: மதிப்பெண்ணும் அறிக்கையும்

இயன்றால் இருவர் ஒரே வேளையைப் பார்த்து, ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியே மதிப்பெண் இடுங்கள். எட்டுப் படிகளில் இரண்டு படிக்கு மேல் வேறுபட்டால் இருவரும் குறிப்புகளை எடுத்து வைத்துப் பேச வேண்டும். எல்லாப் பகுதிகளையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிடாதீர்கள். அழகான மரமேசைகளும் பூச்சாடிகளும் உள்ள கூடத்தில் யாரும் யாரோடும் பேசாமல் உணவு முடிந்துவிடலாம். சராசரி அதை மறைத்துவிடும். மாறாக, சுண்ணாம்பு உதிரும் ஓர் அறையில், பணியாளர் ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்து சிரித்துப் பேசி ஊட்டிக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டு கூடங்களுக்கும் வேண்டிய உதவி வேறு வேறு.

அறிக்கையில் கண்டதை முதலில் எழுதி, கருத்தைப் பிறகு எழுதுங்கள். “காத்திருப்பு மிக அதிகம்” என்பதைவிட, “ஜன்னலோர மேசையில் மூவர் 38 நிமிடம் தண்ணீரின்றிக் காத்திருந்தனர்” என்பது மறுக்க முடியாதது. பணியாளர் பெயர் வேண்டாம். பரிந்துரைகளை, நாளையே செய்யக்கூடியவை, பணம் ஒதுக்கிச் செய்ய வேண்டியவை என்று பிரித்துத் தாருங்கள். தொலைக்காட்சியை நிறுத்துவது, ஊட்டுபவருக்கு நாற்காலி போடுவது, மாத்திரை நேரத்தை மாற்றுவது, மேசைவாரியாகப் பரிமாறுவது, விரிப்பின் நிறத்தை மாற்றுவது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. உயரம் மாற்றக்கூடிய மேசைக்கும், விளக்குகளுக்கும், மாலை நேரக் கூடுதல் ஆளுக்கும் செலவுண்டு. அவற்றுக்கு உங்கள் அளவுகளையும் நேரக் குறிப்புகளையும் ஆதாரமாக வையுங்கள்.

பெற்றோருக்காக இல்லம் தேடும் பிள்ளைகளுக்கு இத்தனையும் இயலாது. மாலை உணவு நேரத்தில் போங்கள், உங்கள் பெற்றோர் உட்காரப்போகும் மேசையில் உட்காருங்கள், ஊட்டுபவர் நிற்கிறாரா அமர்கிறாரா என்று பாருங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். உணவு நேரத்தில் வெளியாட்களை அனுமதிக்க முடியாது என்று சொன்னால், காரணத்தைக் கேளுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே கிழமையில், அதே வேளைக்கு மறுபடியும் போங்கள். முன்பு உட்கார்ந்த அதே இருக்கையில் உட்கார்ந்து, அதே ஐந்து நேரங்களை மீண்டும் குறித்து, பழைய குறிப்பேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, சென்ற முறை கடைசியாகச் சாப்பிடத் தொடங்கியவர் இம்முறை எத்தனை மணிக்குத் தொடங்கினார் என்பதை முதலில் பாருங்கள்.